ஏணியை எடுத்த பூதம்

ஆனி 7, வெள்ளி

அப்படியானால் நான் எங்கேதான் பேசுவது, நீயே சொல் தாயே. உன் சன்னதியில் உட்கார்ந்து படிக்க மட்டும் வேண்டுமாம். சொந்தமாக ஒரு வார்த்தை வாயிலிருந்து வரக் கூடாதாம். அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"உலகு, எழுதியிருக்கிறத மட்டும் படி. நடுவுல ஒன் வியாக்கியானம் ஒண்ணும் வேண்டாம். அம்மன் காதுல புத்தகந்தான் விழணும், ஒன் பேச்சு விழக் கூடாது."

எனக்கா இந்தத் தண்டனை? தேங்காய் துருவும்போது தேங்காயோடு பேசுகிறவள் நான். அதனால் டைரி ஒன்றைத் தூசி தட்டி எடுத்துவிட்டேன். கோயிலில் படிப்பேன், வீட்டுக்கு வந்து இதில் உன்னோடு பேசுவேன். எட்டாம் வகுப்புப் படிப்புதான். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உனக்குத் தெரியாததா, இருந்தாலும் முறையாகச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் ஆவுடையப்பனின் மகள் செண்பகவல்லி கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள் இல்லையா? லீவு நாட்களில் உட்கார்ந்து சிறுபிள்ளைகளுக்கு ஒரு மாயக்கதைப் புத்தகம் எழுதிவிட்டாள். அச்சுப்போட ஆளும் கிடைத்துவிட்டது. பெயர் 'வேர்நாட்டுத் தாரகை'. கதை வேறு யாருடையதும் இல்லை, உன்னுடையதுதான்.

எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்வது இதுதான். அந்தக் காலத்தில் அரண்மனைக்காரன் ஒருவன் உன்னைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினான். கொடுக்கவும் மனமில்லை, மறுக்கவும் தெம்பில்லை. உன் அண்ணன்மார் மூன்று பேரும் தவித்து நின்றார்கள். அவர்கள் தவிப்பைப் பார்த்து, நீயே வீட்டுத் தானியக் குழிக்குள் இறங்கி, மண்ணோடு மண்ணாகி, எங்களுக்கு அம்மனானாய். குழியை மூடிய கல்தான் இன்றைக்கு உன் பீடம்.

இதை வைத்துப் பிள்ளைகளுக்குக் கதை எழுதியிருக்கிறாள் என்று கேட்டதும் அண்ணனுக்குக் கண் சிவந்துவிட்டது. "குலசாமிய வேடிக்கைப் பொம்மையாக்குதியோ? அம்மன் உத்தரவில்லாம அது வந்துச்சுன்னா, ஒன் பேருக்கு முன்னால என் இனிஷியலப் போடாத. ஆடிக் கொடைக்கு இந்த வாசலையும் மிதிக்காத." ஒரே மகளிடம் போனில் சொன்ன வார்த்தை இது.

நான்தான் குறுக்கே விழுந்தேன். "அம்மன்கிட்டயே கேட்ருவோம் அண்ணே. முழுசா படிச்சுக் காட்டிட்டுப் பூப் போட்டுப் பாப்போம்" என்றேன். வெள்ளைப் பூ வந்தால் உன் சம்மதம், செவ்வரளி வந்தால் மறுப்பு. கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் அப்படித்தானே கேட்கிறோம்? புத்தகத்துக்குக் கேட்டால் என்ன?

அவள் அனுப்பிய தாள்கட்டிலிருந்து இன்று முதல் அத்தியாயம் படித்தேன். குறையை முதலில் சொல்லிவிடுகிறேன்: பிள்ளையார் காப்பு இல்லை. ஒரு வரிகூட இல்லை. நானே நெற்றியில் குட்டிக்கொண்டு தொடங்கினேன். கதையில் குழிக்குள் இறங்கும் பிள்ளைக்குத் தாரகை என்று பெயர் வைத்திருக்கிறாள், எங்கள் பக்கத்தில் யாரும் வைக்காத பெயர். ஆனால் எடுத்த எடுப்பில் குழியின் தரை திறந்துகொள்கிறது பார், அங்கே என் கையில் முடி சிலிர்த்தது. உனக்கும் அப்படித்தான் இருந்ததா?

ஆனி 8, சனி

சுண்டலுக்கு வந்த தெருப் பிள்ளைகள் கதைக்கு உட்கார்ந்துவிட்டார்கள். நாளைக்குக் கடலை கூடுதலாக ஊறப்போட வேண்டும்.

ஆனி 11, செவ்வாய்

தாயே, இன்றைக்குப் படித்த இடம் எவ்வளவு நன்றாக இருந்தது! மண்ணுக்கடியில் வேர்நாடு என்று ஒரு தேசம். அங்கே குழியில் கிடக்கும் ஒவ்வொரு தானியமும் தன்னை விளைவித்த மழையை நினைவில் வைத்திருக்கிறதாம். தாரகை படுத்துக் காது கொடுத்தால், ஒரு சோளம் ஐப்பசி அடைமழையைச் சொல்கிறது, ஒரு கேழ்வரகு இடியோடு வந்த கோடைமழையைச் சொல்கிறது. மழை பொய்த்த வருஷத்தில் விளைந்த ஒரே ஒரு கம்பு மட்டும் ஒன்றும் பேசாமல் கிடக்கிறது. தாரகை அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு தூங்குகிறாள். படிக்கும்போது எனக்கு அழுகை வந்தது. நிறுத்தினால் அண்ணன் திட்டுவார் என்று இருமுவதுபோல் பாவனை பண்ணிச் சமாளித்தேன்.

இன்னொரு நல்லது, வாக்கியமெல்லாம் சின்னது. மூச்சு முட்டாமல் சத்தமாகப் படிக்க வருகிறது. மண்புழு ஒன்று படகோட்டியாக வருகிறது, தனக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று அதற்கே தெரியாது. பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள்.

சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி சண்டைக்கு வந்துவிட்டாள். "என்னக்கா, ஒங்க கதையக் கேட்டுட்டு எம் மவ டப்பாவுல இருந்த சோளத்த எல்லாம் காதுல வெச்சுக்கிட்டுத் திரியா!" அவள் மகள்தான் முத்தரசி, மூன்றாம் வகுப்பு. கேள்வியாகவே செய்த பிள்ளை.

அண்ணன் மூங்கிலுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு ஏணி கட்ட வேண்டும். மற்ற சாமிக்கெல்லாம் சேலையும் வளையலும் போதும், உனக்கு மட்டும் வருஷா வருஷம் புது ஏணி. வீட்டு மூத்த ஆண்பிள்ளை விரதமிருந்து, கட்டி முடிக்கும்வரை பேசாமல் கட்டி, உன் கல்லில் சார்த்த வேண்டும். நீ மேலே வந்து பொங்கலை வாங்கிக்கொள்ள என்று சொல்வார்கள்.

ஆனி 14, வெள்ளி

செண்பா போன் பண்ணினாள்.

"அத்தை, நல்லாருக்குன்னு மட்டும் சொல்லாத. எங்க இடிக்குன்னு சொல்லு."

"சொல்லுதேன். ஒம் புத்தகத்துல ஒருத்தரும் சாப்பிட மாட்டேங்காகளே, ஏன்? அந்தப் பிள்ள இறங்கி எம்புட்டு நாளாச்சு? ஒரு வாய்க் கஞ்சி குடிச்சாளா?"

"அது மாயக்கதை அத்தை."

"மாயக்கதைன்னா வயிறு இருக்காதா? முத்தரசி கேக்கா, பெரியம்மா அவளுக்குப் பசிக்கலையான்னு. நான் என்னத்தச் சொல்ல? வாயத்தான் தைச்சுப் போட்டிருக்காரே ஒங்கய்யா."

அவள் சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன். அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். "அவளுக்குப் பயமே இல்லையேட்டி. இருட்டுக்குள்ள இறங்குதா, கை நடுங்கல, அம்மான்னு ஒரு சத்தம் வரல."

"தைரியமான பொண்ணா இருக்கட்டும்னுதான் அத்தை."

"பயந்துக்கிட்டே போனாத்தான தைரியம். இவ கடைக்குப் போற மாதிரில்லா போறா."

அந்தப் பக்கம் பேனா கீறும் சத்தம் கேட்டது. எழுதிக்கொள்கிறாளோ என்று நினைத்தேன். பிறகு கேட்டாள்: "அத்தை, நெசத்துல நம்ம அம்மன் இறங்கும்போது பயந்திருப்பாளா?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை.

ஆனி 17, திங்கள்

இன்று ரொம்ப மோசம். கறையான் ராணியின் சபை. மந்திரிகள் வருகிறார்கள், வருகிறார்கள், வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயில் நுழையாத ஒரு பெயர், ஒரு வம்ச வரலாறு. முத்தரசியைத் தவிர எல்லாப் பிள்ளைகளும் தூங்கிவிட்டார்கள். நானே இரண்டு மந்திரிகளை விட்டுவிட்டுப் படித்தேன். உன் சன்னதியில் அப்படிச் செய்தது தப்புத்தான், கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இன்னொரு கஷ்டம். அம்மன் கதை படிக்கும்போது அழுகையிலோ சாவிலோ நிறுத்தக் கூடாது, ஒரு நல்ல சொல் வரும்வரை படித்து அங்கேதான் தாள்கட்டை மூட வேண்டும் என்பது நம் வழக்கம். இவளோ ஒவ்வொரு அத்தியாயத்தையும் யாராவது விழுந்துகொண்டிருக்கும்போதுதான் முடிக்கிறாள். நல்ல சொல்லைத் தேடி அடுத்த அத்தியாயத்துக்குள் போனால், அங்கிருந்து வெளியே வர முடியவில்லை. விளக்கில் எண்ணெய் ஊற்றி மாளவில்லை. ஆனால் பிள்ளைகள் மறுநாள் ஓடி வருவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். குறை என்று எழுதத் தொடங்கி நிறையில் முடிந்துவிட்டது பார்.

ஆனி 21, வெள்ளி

பூதம் வந்துவிட்டது. இருட்டுவாயன் என்று பெயர். வாயைத் திறந்தால் உள்ளே நட்சத்திரமில்லாத வானம். நன்றாகப் பயமுறுத்தியிருக்கிறாள். சின்னதுகள் ஒன்றன் மடியில் ஒன்று ஏறிக்கொண்டன.

தாரகை வீட்டுக்குத் திரும்ப ஏணியைத் தேடி ஓடி வருகிறாள். குழிக்கு மேலேயிருந்து தொங்கும் அந்த ஏணியை இருட்டுவாயன் ஒரே இழுப்பில் பிடுங்கி விழுங்கிவிடுகிறான்.

அப்போது முத்தரசி எழுந்து நின்றாள். கேள்வி கேட்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருக்கிறது. இருந்தாலும் கேட்டுவிட்டாள்.

"பெரியம்மா, அவ அண்ணன்மாரு மேலதான இருந்தாக?"

"ஆமா."

"ஏணி போச்சுன்னா அவுக வேற ஏணி போடலாம்லா? ஏன் போடல?"

நான் புத்தகத்தில் தேடினேன். அங்கே ஒன்றும் இல்லை. அண்ணன் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் போவதைப் பார்த்துவிட்டு, சுண்டலை எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்பினேன்.

உப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது இன்றைக்கு.

ஆனி 22, சனி

எழுத ஒன்றுமில்லை. மோட்டார் ரிப்பேர். அண்ணன் படிக்கிற இடத்துக்கு வரவில்லை.

ஆனி 25, செவ்வாய்

மூங்கில் வந்து இறங்கியிருக்கிறது. பச்சை மணம் தெருவெல்லாம். அதைப் பார்த்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. எனக்கு ஆறோ ஏழோ வயது. எங்களைப் பெற்ற ஐயா ஏணி கட்டிக்கொண்டிருந்தார். விளையாட்டாக அதன் மேல் ஏறிவிட்டேன். ஓங்கி ஓர் அறை விட்டார். அதற்கு முன்னும் பின்னும் என்னை அவர் தொட்டு அடித்ததில்லை. பொம்பிளைப் பிள்ளை தீட்டாக்கிவிட்டாள் என்று அடித்தார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ஆனால் அடித்துவிட்டு அவர் தேம்பித் தேம்பி அழுதாரே தாயே. தீட்டுக்கு யாராவது அப்படி அழுவார்களா?

சரி, அது கிடக்கட்டும். நீயே விரும்பித்தான் இறங்கினாய். நான் எத்தனை பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

ஆனி 28, வெள்ளி

முடித்துவிட்டேன். கடைசியில் தாரகை இருட்டுவாயனை ஜெயிக்கிறாள், ஆயுதத்தால் இல்லை. பேசாமல் கிடந்த அந்தக் கம்பு இருக்கிறதே, அதை அவன் வாய்க்குள் விதைக்கிறாள். அது முளைத்து, அவன் வாயைக் கிழித்துக்கொண்டு, மேலே மேலே போய் வெளிச்சத்தைத் தொடுகிறது. அந்தக் கம்பந்தட்டையைப் பிடித்து ஏறி வந்துவிடுகிறாள். பிள்ளைகள் குலவையிட்டார்கள், நானும் இட்டேன். எழுந்து கற்பூரம் காட்டினேன்.

முத்தரசி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "அவள யாருமே கூப்பிடலையே பெரியம்மா. மேல வரலாம்னு அவளுக்கு எப்படித் தெரியும்? ஒளிஞ்சு விளையாடும்போதுகூட, வா வான்னு சத்தங் குடுத்தாத்தான நாங்க வருவோம்?"

பதில் சொல்ல நேரமில்லை. அண்ணன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து நின்றார். வாழையிலையில் ஒரு பொட்டலம் வெள்ளை நந்தியாவட்டை, ஒரு பொட்டலம் செவ்வரளி. உன் முன்னால் குலுக்கிப் போட்டோம். முத்தரசியையே எடுக்கச் சொன்னோம். எடுத்தாள். பிரித்தேன்.

அரளி.

அண்ணன் முகத்தில் சந்தோஷம் இருக்கும் என்று பயந்து பார்த்தேன். அங்கே அது இல்லை. களைப்புத்தான் இருந்தது.

செண்பாவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "சரி அத்தை" என்றாள். அவ்வளவுதான்.

ஆனி 30, ஞாயிறு

இரண்டு நாளாக உன்னோடு எனக்குப் பேச்சு இல்லை, கவனித்தாயா? விளக்கேற்றினேன், பூப் போட்டேன், முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளை என்ன தப்புச் செய்தாள்? உனக்காகத் தானியத்தையெல்லாம் பேசவைத்தாளே. உன்னை மேலே ஏற்றிக் கொண்டுவந்தாளே. எது உனக்குப் பிடிக்கவில்லை?

உளுந்து களைந்துகொண்டிருந்தேன். கை பாட்டுக்குக் களைகிறது, மனசு முத்தரசியின் கேள்வியிலேயே நிற்கிறது. வேற ஏணி ஏன் போடல? உளுந்தை அப்படியே விட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

"செண்பா, அந்தப் பூதத்த எடுத்துரு."

"எந்தப் பூதத்த?"

"இருட்டுவாயன் இருந்துட்டுப் போட்டும். பிள்ளைகளுக்கு ஒரு பூதம் வேணும். ஆனா ஏணிய அவன் எடுக்கல."

"பின்ன யாரு எடுத்தா?"

"குழிக்குள்ள இருக்கிற பூதம் மேல இருக்கிற ஏணிய எப்படிட்டி எடுக்கும்? மேல நிக்கிறவுகதான எடுக்க முடியும்?"

"அத்தை, ஒனக்கு எல்லாம் தெரியுமா?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. வருசா வருசம் ஏணி கட்டுதோம், அது மட்டுந்தான் தெரியும். விரும்பி இறங்கினவளுக்கு எதுக்குட்டி ஏணி?"

"இப்படி எழுதினா அப்பா என்னைய உயிரோட விடுவாரா?"

"ஒரு பயலும் ஒன்ன ஒண்ணும் செய்ய மாட்டான். நான் இருக்கேன்லா. நல்ல புத்தகம்டி இது. நல்லா எழுதிட்டு வந்து, அந்த ஒரு எடத்துல மட்டும் நீ பயந்துட்ட. பழிய யாரு மேலயோ போட்டுட்ட. அதான் அவளுக்குப் பிடிக்கல."

போனை வைத்துவிட்டு, பாதியில் விட்ட உளுந்தைக் களைந்து முடித்தேன். தப்பாகச் சொல்லியிருந்தால் என்னைத் தண்டி, அவளை விட்டுவிடு.

ஆடி 3, வெள்ளி

கூரியரில் புது அத்தியாயம் வந்தது. அடுக்களையில் நின்றபடியே படித்தேன். தாரகையின் கை இப்போது நடுங்குகிறது. மடியில் அம்மா கட்டிக் கொடுத்த சோளத் தோசை இருக்கிறது. "அரண்மனை ஆள் வாராக, கொஞ்ச நேரம் உள்ளே ஒளிந்திரு" என்று அண்ணன்தான் இறக்கிவிடுகிறான். பிறகு...

பிறகு உள்ளதை உன் முன்னால்தான் படிப்பேன். அண்ணனிடம் மறுபடி பூக் கேட்க வேண்டும் என்றேன். "வேற வேலையில்லையா ஒனக்கு?" என்றார். அப்புறம், "என்னைக்கு?" என்றார்.

ஆடி 10, வெள்ளி

செண்பா காலையில் பஸ்ஸில் வந்து என் வீட்டில் இறங்கினாள், அப்பன் வீட்டில் இல்லை. மதினி வேலியோரமாக வந்து, மகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு தூக்குவாளியில் பருத்திப்பால் கொடுத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் பிள்ளைகளைச் சீக்கிரமே சுண்டல் கொடுத்து அனுப்பிவிட்டேன். இதை அவர்களுக்குப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் பெரியவர்கள் கேட்கட்டும் என்று தோன்றிற்று. நீ, நான், செண்பா, அண்ணன். அண்ணன் பின்னால் நின்றுகொண்டே இருந்தார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

படித்தேன். தாரகை இறங்குகிறாள். மேலே குதிரைச் சத்தம் வருகிறது, போகிறது. இனிக் கூப்பிடுவார்கள் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏணி அசைகிறது. அண்ணன்தான் இறங்கி வருகிறான் என்று சிரிக்கிறாள். ஏணி மேலே போகிறது. மூத்த அண்ணன் ஒரே இழுப்பில் ஏணியை மேலே இழுத்து...

"நிறுத்து."

அண்ணன் குரல். அவர் சொன்னால் நான் நிறுத்துகிறவள்தான். ஆனால் தாயே, அந்த இடத்தில் தாள்கட்டை மூடினால் நீ மறுபடியும் குழிக்குள்ளேயே அல்லவா இருப்பாய்? "கெட்ட எடத்துல நிறுத்தக் கூடாது அண்ணே" என்று சொல்லிவிட்டு மேலே படித்தேன். கண் மறைத்தது, எழுத்து ஓடிற்று, இருந்தும் படித்தேன். கல் வந்து மூடுகிறது. இருட்டு. தாரகை மடியிலிருந்த தோசையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறாள். அப்போது பக்கத்தில் ஒரு சோளம் மெதுவாக மழையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. அங்கே நிறுத்தினேன். மழை நல்ல சொல்தானே.

செண்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வந்து எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"தப்பா எழுதியிருக்க" என்றார்.

"அப்பா, நான்..."

"ஒரே ஆளு ஒரே இழுப்புல இழுத்தா வராதுட்டி. அந்தக் காலத்து ஏணி, நல்ல கனம். ரெண்டு பேரு பிடிச்சாத்தான் வரும். ரெண்டு பேருதான் பிடிச்சாக." தோள் துண்டை எடுத்து மடித்தார். "மூணாவது ஆளு பாத்துக்கிட்டு நின்னான். ஒண்ணும் சொல்லல. அந்த ரெண்டு பேருக்கும் வம்சம் இல்ல. அந்த மூணாவது ஆளு வம்சந்தான் நாம."

"ஒங்களுக்கு யாருப்பா சொன்னா?"

"ஏணி கட்டச் சொல்லிக் குடுத்த அன்னைக்கு ஐயா சொன்னாரு. அவருக்கு அவுக ஐயா. கட்டும்போது பேசக் கூடாதுங்கிறது எதுக்குன்னு நெனச்ச? அன்னைக்கு வாயத் தொறக்காம நின்னோம்லா, அதுக்குத்தான்." என்னைப் பார்த்தார். "பொம்பிளைகளுக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்குவாக. தெரிஞ்சா எந்தப் பிள்ள இந்த வீட்டுல நிம்மதியா தூங்கும்?"

எனக்கு என் ஐயா விட்ட அறை கன்னத்தில் மறுபடி எரிந்தது. வலித்தது அறையில்லை, அவர் அழுத அழுகை.

பொட்டலங்கள் தட்டில் இருந்தன. "பூப் போடட்டுமா அண்ணே?" என்றேன். அண்ணன் தட்டை வாங்கினார். குலுக்கவில்லை. இரண்டு பொட்டலத்தையும் தானே பிரித்து, வெள்ளையையும் சிவப்பையும் சேர்த்து உன் கல்லில் வைத்தார்.

"இன்னும் அவகிட்டயே உத்தரவு கேக்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கு? போடு, புத்தகத்த."

செண்பா மெதுவாகக் கேட்டாள்: "பேரு எப்படிப்பா போடட்டும்?"

"ஏன், ஒனக்கு அப்பன் இல்லையா? இனிஷியலோட போடு." எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "ரெண்டு பேருன்னு மாத்திரு. மூணாவது ஆள விட்ராத."

ஆடி 13, திங்கள்

அண்ணன் முற்றத்தில் ஏணி கட்டுகிறார். அவர் பேசவில்லை, விரதம். கயிற்றை முடிச்சுப் போடும்போது மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும், எப்போதும் பங்காளி யாராவது வருவார்கள். இன்றைக்கு அவர் செண்பாவைப் பார்த்துக் கயிற்றை நீட்டினார். அவள் பிடித்தாள். மதினி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் சாப்பிடும்போது செண்பா சொன்னாள்: "கறையான் மந்திரிகள்ல பாதிப் பேர வெட்டிட்டேன் அத்தை."

"மீதியையும் வெட்டு. புண்ணியமாப் போகும்."

"பிள்ளையார் காப்பும் எழுதிட்டேன், ஒனக்காக. ஆனா கடைசி மட்டும் வரமாட்டேங்கு. முத்தரசி சொன்னது சரிதான், யாரும் கூப்பிடாம அவ மேல வரக் கூடாது. ஆனா யாரு கூப்பிடுவா? ஏணிய எடுத்தவுகளா கூப்பிடுவாக? பாத்துக்கிட்டு நின்னவன் கூப்பிட்டா, அவ நம்பி வருவாளா?"

எனக்கும் தெரியவில்லை. ரசம் ஊற்றினேன். கொடை முடிந்ததும் தாள்கட்டை அச்சுக்குக் கொடுக்க வேண்டுமாம்.

ஆடி 16, வியாழன்

நாளைக்குக் கொடை. பச்சரிசி களைந்து வைத்தாயிற்று. வெல்லம் தட்டியாயிற்று. மேளக்காரர்கள் பொழுது சாயும்முன்பே வந்து பள்ளிக்கூடத்தில் தங்கிவிட்டார்கள். ஏணி உன் வாசலில் துணி சுற்றிக் கிடக்கிறது. நாளைக் காலையில் சார்த்துவார் அண்ணன்.

உன் கல்லைக் கழுவிவிட்டுக் குனிந்து மஞ்சள் பூசினேன். கல் முகத்துக்குப் பக்கத்தில் வந்ததும், ஈரக் கல்லின் அந்த மணம் மூக்கில் ஏறியதும், என் அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். மஞ்சள் கையோடு ஓடி வந்து இதை எழுதுகிறேன், தாளெல்லாம் கறையாகிறது. செண்பா தூங்கி எழுந்ததும் முதல் வேலையாகச் சொல்ல வேண்டும்.

ஏணி சார்த்தியதும் ஆண்பிள்ளைகள் எல்லோரும் மேளத்தோடு ஆற்றுக்குத் தீர்த்தம் எடுக்கப் போவார்கள். அப்போது அம்மா மட்டும் பின்தங்குவாள். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பாள். பிறகு மண்டிபோட்டு, கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே இருக்கும் அந்த இடுக்கில் வாயை வைத்துச் சொல்வாள். வருஷா வருஷம் சொல்வாள். பக்கத்தில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற நான், வீட்டுக்கு வந்த விருந்தாட்களைப் பற்றி ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்குப் பிறகு யாரும் அதைச் சொல்லவில்லை.

"வந்தவுக எல்லாரும் போயிட்டாக தாயி. ஏணி போட்டிருக்கு. நான்தான் கூப்பிடுதேன். மேல வா."